மாதொருபாகன் பழைய பிரதி: கைமாற்றும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய ‘மாதொருபாகன்’ நாவலின் பிரதி ஒன்று, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே கொஞ்ச காலமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. யாரிடம் இருக்கிறது, அடுத்து யாருக்கு என்ற கணக்கை நான் வைத்திருப்பதால் சந்தேகங்களும் என்னிடமே வருகின்றன. அஸ்தம்பட்டியில் கேட்டதையே நாகலூரிலும் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன். கதையின் முடிவை எங்கும் சொல்லவில்லை.

“இது என்ன புக்குங்க? எதுக்கு இதைப் பத்தி இவ்வளவு பேச்சு?”

பெருமாள்முருகன் எழுதி, காலச்சுவடு பதிப்பகம் 2010-இல் வெளியிட்ட நாவல். வெள்ளைக்காரன் காலத்துத் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் கதை நடக்கிறது. காளி, பொன்னா என்று ஒரு குடியானவத் தம்பதி. ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை என்பதால் ஊரும் உறவும் அவர்களை விடுவதாயில்லை. வேண்டாத சாமி இல்லை, கழிக்காத தோஷம் இல்லை. கடைசியில், தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் இரவுக்குப் பொன்னாவை அனுப்பலாம் என்ற பேச்சு வீட்டுக்குள் வருகிறது. அந்த ஓர் இரவு மட்டும், குழந்தையில்லாத பெண் முன்பின் தெரியாத ஆணோடு சேர்வதை ஊர் தப்பாக எடுத்துக்கொள்ளாது, பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை என்பது நாவலில் வரும் வழக்கம்.

வெளிவந்து நாலு வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நடுவில் 2013-இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2014 டிசம்பரில்தான் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. ஊரையும் கோயிலையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று சாதி அமைப்புகளும் இந்து அமைப்புகளும் போராடின. பிரதிகளை எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. பெண் கொடுத்ததும் எடுத்ததுமாக நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தம் உண்டு. ஆகவே இந்த விவகாரம் நமக்குப் பேப்பர் வழியாக வருவதற்கு முன்பே கல்யாண வீட்டுப் பந்திகளில் வந்துவிட்டது. படித்தவர்களைவிடப் பேசியவர்கள்தான் அதிகம்.

“தடை பண்ணின புக்குதானே இது? கையில வெச்சிருந்தா போலீஸ் வராதா?”

தடை செய்யப்பட்ட புத்தகம் இல்லை. எந்தக் காலத்திலும் அரசு இதைத் தடை செய்யவில்லை. ‘தடை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குச் சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. மாநில அரசு காரணம் காட்டி, அந்த வெளியீடு அரசுக்குப் பறிமுதல் என்று அறிவிக்கை போட வேண்டும். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-இலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவு. அப்படி அறிவித்தால்தான் பிரதிகளைப் போலீஸ் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியும். அதையும் எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். இந்த நாவலுக்கு அப்படியொரு அறிவிக்கை வரவே இல்லை.

விற்பனையை நிறுத்த வேண்டும், எழுதியவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டவர்களின் மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-ஆம் தேதி தள்ளிவிட்டது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் கொடுத்த தீர்ப்பு அது. நாவல் ஆபாசமானது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம், சீட்டில் உட்கார்ந்து விரித்தும் படிக்கலாம்.

“தடையே இல்லைன்னா எழுதினவரு எதுக்குச் செத்துட்டேன்னு எழுதினாரு?”

2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஓர் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. நிபந்தனையில்லாமல் வருத்தம் தெரிவித்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகுதான் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி ஆசிரியன் மட்டுமே இருப்பான் என்று முகநூலில் போட்டார். தன் புத்தகங்கள் எதையும் இனி விற்க வேண்டாம் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார். வாங்கி வைத்திருப்பவர்கள் எரித்துவிடலாம் என்றும் அந்த அறிக்கையில் எழுதியிருந்தார். இந்தப் பிரதி எந்த வருஷம் யாருடைய அலமாரியை விட்டு வெளியேறியது என்று தெரியாது. அட்டையில் மடிப்புத் தழும்பு இருக்கிறதே தவிர, கரி இல்லை.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் வழக்குப் போட்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று மேலே சொன்ன தீர்ப்பில் வந்தது. அவர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று தீர்ப்பு முடிகிறது. அவரும் எழுதத் தொடங்கிவிட்டார். அவருடைய ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இருந்தது. ஆகவே “பாவம், அவரு எழுதறதையே விட்டுட்டாராமே” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நீங்களே திருத்திவிடுங்கள்.

“புதுசே கடையில கிடைக்குதே. இந்தக் கிழிஞ்சதை எதுக்குச் சுத்த விடறீங்க?”

வாங்க முடிந்தவர்கள் புதிதாகவே வாங்குங்கள். எழுதியவருக்கு உரிமைத்தொகை போகும். பழைய புத்தகத்தில் அவருக்கு ஒரு பைசாவும் போகாது. படித்துப் பிடித்துப்போய்ப் பிறகு சொந்தப் பிரதி வாங்கியவர்கள் எங்களில் உண்டு.

ஆனால் இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கத் தயங்குகிறவர்கள் பலர். விலை ஒரு காரணம். பில் போடும் இடத்தில் இந்தப் பேரைச் சொல்லிக் கேட்கக் கூச்சம் இன்னொரு காரணம். தெரிந்தவர் கையிலிருந்து வந்தால் அந்தத் தயக்கம் போய்விடுகிறது. அப்புறம் ஓரங்களில் இருக்கும் பென்சில் எழுத்து. திருவிழாப் பகுதியில் ஒருவர் அழுத்தமாக “பொய்” என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், “நீர் பார்த்தீரோ?” இன்னும் கீழே, மூன்றாவதாக ஒருவர், பொடி எழுத்தில்: “ரெண்டு பேரும் முதலில் கதையைப் படியுங்கள்.” புதிய பிரதியில் இது கிடைக்காது.

“பழைய புக்கை வாங்கி நாலு பேருக்குக் கொடுக்கறது காப்பிரைட் சட்டப்படி தப்பில்லையா?”

தப்பில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இலக்கியப் படைப்பின் பிரதிகளை மக்களுக்கு வெளியிடும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. ஒருமுறை முறையாக விற்ற பிரதியை வாங்கியவர் படிக்கலாம், விற்கலாம், இரவல் கொடுக்கலாம். பழைய புத்தகக் கடைகளும் அந்தக் காலத்து வாடகை நூலகங்களும் அப்படித்தான் நடந்தன. நாங்கள் வாடகையும் வாங்குவதில்லை.

“அப்ப ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கறேனே? பிடிஎஃப் கூட வாட்சப்புல வருதே?”

மேலே சொன்னது அச்சிட்ட அந்த ஒரு பிரதிக்கு மட்டும். முழு நாவலையும் நகலெடுப்பதும் பிடிஎஃப் பரப்புவதும் புதுப் பிரதி உண்டாக்குவது. அந்த உரிமை எழுதியவரிடமும் பதிப்பாளரிடமும் இருக்கிறது. அவர் ஆயுளுக்கும், அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கும் அது செல்லும்.

நாலைந்து பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இதற்குச் சட்டம் காரணமில்லை. 2014-இல் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் திருச்செங்கோட்டில் விநியோகித்தார்கள். முன்னும் பின்னும் இல்லாமல் அந்தப் பக்கங்கள் மட்டும் கைக்கு வந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். இந்த நாவலுக்கு வந்த வினையே துண்டு துண்டாகப் படிக்கப்பட்டதுதான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் பிரதி போனால் முழுசாகப் போகும், வந்தால் முழுசாக வரும்.

“நேரம் இல்லைங்க. நேரா அந்தப் பதினாலாம் நாள் பக்கத்தை மட்டும் படிச்சா போதாதா?”

உங்களுக்கு முன்னால் நிறையப் பேர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். புத்தகத்தை மேசைமேல் முதுகு படும்படி நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள், அந்த இடத்தில் தானாகப் பிளந்துகொள்கிறது. அங்கே பசை விட்டுப்போய் ஒரு தாள் கழன்றும் வந்துவிட்டது. மற்ற இடங்களில் கட்டு இறுக்கமாகவே இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் நீங்கள் தேடுவது இல்லை. காளி தொண்டுப்பட்டியில் (மாடு கட்டும் பட்டி) மாடு கன்றோடு தனியாகக் கிடப்பதையும், பொன்னாவை நல்லது கெட்டதுக்கு அழைக்காமல் ஒதுக்குவதையும், கல்யாணமான புதிதில் அவள் எப்படி இருந்தாள் என்பதையும் படிக்காமல் அங்கே போனால் வெறும் திருவிழாக் கூட்டம்தான் தெரியும். அவள் ஏன் போகிறாள், யார் சொல்லைக் கேட்டுப் போகிறாள் என்பதில்தான் கதையே இருக்கிறது. பெரிய நாவலும் இல்லை. ஒரு சனி ஞாயிறு போதும்.

“எத்தனை நாள் வெச்சுக்கலாம்?”

ஒரு மாதம். காப்பிப் பழம் பறிக்கும் நாளில் எஸ்டேட்காரர்களுக்குக் கூடுதலாக விடுகிறோம்.

“சென்னையில வளர்ந்தவ நான். இந்தப் பேச்சுத் தமிழ் பாதி புரியலை.”

முதல் சில அத்தியாயம் அப்படித்தான் இருக்கும், பிறகு காது பழகிவிடும். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபடும். கடைசி வெள்ளைத் தாளில் யாரோ ஒரு புண்ணியவான் சொற்பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். அதிலும் இல்லாததைச் சங்ககிரிப் பக்கத்துக்காரர் யாரையாவது கேளுங்கள். ஒரு சொல்லைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்கள்.

“நானும் பென்சில்ல எழுதலாமா?”

எழுதலாம். பேனா வேண்டாம், மஞ்சள் பச்சை மார்க்கர் வேண்டவே வேண்டாம், மறுபக்கம் ஊறிவிடும். ஏற்கெனவே எழுதியிருப்பதை அழிக்காதீர்கள், பிடிக்காவிட்டால் கீழே பதில் எழுதுங்கள். சாதிப் பேர் சொல்லித் திட்டி எழுதிய ஒரு வரியை மட்டும் நான் அழித்திருக்கிறேன். இனி வந்தாலும் அழிப்பேன்.

“ஏற்காட்டுல வெச்சிருந்தேனுங்க. அட்டையெல்லாம் பூஞ்சை. கழுவிடலாமா?”

ஐயோ, தண்ணீர் படவே கூடாது. ஐப்பசி கார்த்திகையில் ஏற்காட்டில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் கல்சுவர் வீட்டில் துணியே காயாத நாட்களில் புத்தகம் மட்டும் எப்படித் தாங்கும்? முதலில் புத்தகத்தை வெளியே எடுத்துப் போங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் அட்டையையும் தாள்களின் விளிம்பையும் லேசாகத் தட்டி விடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பொடி பறந்து மற்றப் புத்தகங்களில் போய் ஒட்டும். அப்புறம் தாள்கள் விசிறி மாதிரி விரியும்படி நிழலில் நிறுத்தி வையுங்கள், பக்கத்தில் ஃபேன் ஓடட்டும். உச்சி வெயிலில் போட வேண்டாம். தாள் மஞ்சளாகிவிடும், முதுகுப் பசை காய்ந்து வெடிக்கும். இந்தப் பிரதிக்கு அந்தப் பசைதான் உயிர்.

வைக்கும்போது சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவதைவிடச் சும்மா வைப்பதே மேல். நன்றாகக் காய்ந்த பிறகு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்துப் பையில் போடலாம். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்கு ஆகும், பூஞ்சைக்கு அவ்வளவாகக் கேட்காது. விறகடுப்பு எரியும் வீடாக இருந்தால் அடுப்புக்கு மேல் பரணில் வைக்கச் சொல்வார்கள். ஈரம் போகும் என்பது உண்மைதான், ஆனால் புகை நாற்றம் ஆறு மாதத்துக்குப் போகாது.

“தாள் கழண்டிருக்கே. செலோ டேப் ஒட்டிடட்டுமா?”

வேண்டாம். டேப் சில வருஷத்தில் பழுத்து உதிர்ந்துவிடும், கறை மட்டும் நிற்கும். கழன்ற தாளின் உள்விளிம்பில் ஃபெவிகாலைத் தீக்குச்சியால் நூல் அளவுக்குத் தடவி, இடத்தில் செருகி, மேலே கனமான எதையாவது ஓர் இரவு வைத்தால் போதும். உங்களுக்குக் கை வராது என்றால் அப்படியே கொடுங்கள், நான் ஒட்டிக்கொள்கிறேன். தாள் தொலைந்தால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். தொலையக்கூடிய தாள் எது என்று மேலே படித்திருப்பீர்கள்.

“மலைக்கு அனுப்ப, பஸ்ல டிரைவர்கிட்டக் கொடுத்து விடலாமா?”

கொடுத்து விடலாம், நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாங்கிக்கொள்பவர் ஒண்டிக்கடையில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பக்கத்தில் இருக்கும் தக்காளிக் கூடை புத்தகத்தின்மேல் சாயும் என்று நினைத்துக் கட்டுங்கள்.

“வீட்டுல பாத்தா திட்டுவாங்க. அட்டை போட்டு மறைச்சுப் படிக்கலாமா?”

பழுப்புத் தாள் அட்டை ஏற்கெனவே போட்டிருக்கிறது. அது மழைக்காகவும் அழுக்குக் கைக்காகவும் போட்டது, அட்டையின்மேல் புத்தகத்தின் பேரும் எழுதியிருக்கிறது. ஒளித்துப் படிக்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு வரும் சந்தேகம், திறந்து வைத்திருக்கும்போது வருவதில்லை. என்ன புத்தகம் என்று கேட்டால் கதையைச் சொல்லுங்கள். முதல் பதிலில் உள்ள ஐந்தாறு வரியே போதும். மாமியாரிடம் அப்படிச் சொல்லப்போய், அவர் “பொறவு அவ என்ன பண்ணுனா?” என்று கேட்டு, மிச்சத்தை மருமகளே தினமும் படித்துக் காட்ட வேண்டியதாகிப்போன வீடு ஒன்று அம்மாப்பேட்டையில் இருக்கிறது.

எல்லா வீடும் அப்படி இருக்காது என்பதும் தெரியும். பிரச்சினை வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸில் வைத்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

“பிளஸ் டூ படிக்கற பையனுக்குக் கொடுக்கலாமா?”

பெற்றவர்கள் முதலில் படியுங்கள், பிறகு உங்கள் பிள்ளை எப்படி என்று உங்களுக்கே தெரியும். நாங்களாகப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. உடலுறவு பற்றி ஒளிவுமறைவில்லாத பேச்சும் கிராமத்து வசவுகளும் உண்டு. அதைவிட, கல்யாணமான இருவருக்குள் உள்ள வேதனை அந்த வயதில் எட்டாது என்பதுதான் என் தயக்கம்.

“எங்களுக்குக் குழந்தை இல்லைங்க. இதைப் படிச்சா மனசு ஒடைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு.”

இந்தக் கேள்வியைப் பெண்கள் எப்போதும் தனியாகத்தான் கேட்கிறார்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன், கஷ்டமாகத்தான் இருக்கும். சீர் நடக்கும் வீட்டில் பொன்னாவை ஓரம் தள்ளுவது, விதைக்கப் போகும் கையை ஒருத்தி தடுப்பது, காளிக்கு இரண்டாம் கல்யாணம் பேசுவது எல்லாம் எண்பது வருஷத்துக்கு முந்தைய கதை மாதிரியே இருக்காது. போன மாதம் உங்களுக்கு நடந்ததாக இருக்கலாம். படித்துவிட்டு, “என்னை எழுதின மாதிரியே இருந்துச்சு, நிம்மதியா அழுதேன்” என்றவரும் உண்டு, இருபது பக்கத்தில் மூடித் திருப்பிக் கொடுத்தவரும் உண்டு. இரண்டுக்கும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையில்லாத தம்பதிக்கு, “உங்க கதைதான், படிச்சுப் பாருங்க” என்று இந்தப் புத்தகத்தை நீட்டாதீர்கள். திருவண்ணாமலை போங்கள், அந்த டாக்டரைப் பாருங்கள் என்று வழியில் போகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்களே, நாவல் முழுக்க அந்தத் தொல்லையைப் பற்றித்தான் இருக்கிறது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே செய்யக் கூடாது. அவர்களாகக் கேட்டால் கொடுங்கள்.

“அந்தத் திருவிழா விசயம் நெசமா நடந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் வேண்டுமென்றால், நாவல். திருச்செங்கோட்டு மலை இருக்கிறது, அர்த்தநாரீசுவரர் இருக்கிறார், வைகாசித் தேர் ஓடுகிறது. இவற்றுக்கு நடுவே எழுதியவர் ஒரு கதையை வைக்கிறார். அப்படியொரு வழக்கமே கிடையாது, ஆதாரம் காட்டு என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். செவிவழிப் பேச்சு இருந்தது என்று மறுபக்கம் சொன்னார்கள். கோர்ட்டு இதைக் கற்பனைப் படைப்பாகத்தான் எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், நடந்தது நடக்கவில்லை என்ற சண்டையில் இறங்கியவர்கள் பொன்னாவை மறந்துவிடுகிறார்கள். பென்சில் எழுத்துச் சண்டையும் அந்தப் பக்கத்திலேயேதான் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

“நான் திருச்செங்கோட்டுக்காரன். எங்க ஊரைக் கேவலப்படுத்தின புக்கை நான் எதுக்குப் படிக்கோணும்?”

படிக்க வேண்டியதில்லை. தீர்ப்பும் அதைத்தான் சொல்கிறது. படித்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, பிடிக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள் என்று இருக்கிறது. உங்கள் ஊர், உங்கள் கோயில் என்னும்போது வலிப்பதை, “அறியாமை” என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தான் கும்பிடும் தேரைச் சுற்றி நாலு பேர் கேலி பேசுவதைக் கேட்டவருக்குக் கோபம் வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கேவலப்படுத்துகிறது என்பதை நீங்கள் படித்துச் சொல்கிறீர்களா, சொல்லிக் கேட்டதா? கேட்டதாக இருந்தால், ஜெராக்ஸ் பற்றி மேலே எழுதியதைப் பாருங்கள். படித்துவிட்டுச் சொன்னால் உங்களோடு வாதாட ஆசை, படிக்காமல் சொன்னால் வாதாட ஒன்றுமில்லை. திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் வாங்கிப்போய் முழுதும் படித்து, “மனுசங்களை நல்லா எழுதியிருக்காரு, ஊர்ப் பேரை மட்டும் போடாம இருந்திருக்கலாம்” என்று கடைசித் தாளில் எழுதிக் கொடுத்தார். அது அப்படியே இருக்கிறது.

“முடிவு அந்தரத்துல நிக்குதே. அடுத்தது எதைப் படிக்கறது?”

‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு நாவல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு அடுத்தது ஒன்று என்று இல்லை. மாதொருபாகன் முடியும் இடத்திலிருந்து இரண்டும் இரண்டு வேறு வழியில் போகின்றன. எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம். இரண்டும் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை, கிடைத்தால் எனக்காக எடுத்து வையுங்கள்.

“படிச்சேன், சுத்தமா பிடிக்கலை. அடுத்தவருக்கு நான் கொடுக்க மாட்டேன்.”

சரி, கொடுக்க வேண்டாம். என்னிடம் கொடுங்கள், நான் கொடுத்துக்கொள்கிறேன். கைமாற்றுவது சிபாரிசு செய்வதாகாது என்றாலும் உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த மாட்டோம். தீர்ப்பு சொன்ன ‘தூக்கிப் போடுவது’ சொந்தப் பிரதிக்கு மட்டும். இரவல் பிரதியை நிறுத்தி வைத்துக்கொண்டால் அடுத்தவர் படிக்கலாமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்ததாகிவிடும். ஏன் பிடிக்கவில்லை என்று பென்சிலில் எழுதிவிட்டுக் கொடுத்தால் இன்னும் சந்தோஷம்.

“நான் கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர். என் பேரு எங்கயும் வரக் கூடாது.”

வராது. புத்தகத்தின்மேல் யாருடைய பேரும் போன் நம்பரும் எழுதுவதில்லை, முதல் தாளில் ஊர்ப் பேர் மட்டும்தான் வரிசையாக இருக்கிறது. அடுத்தவர் யார் என்பதை, கொடுப்பவரிடம் மட்டும் சொல்வேன். இரண்டாவது பதிலில் சொன்னபடி சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் ஸ்டாஃப் ரூம் வேறு உலகம் என்பது எனக்கும் தெரியும். பெருமாள்முருகனே அப்போது அரசுக் கல்லூரி ஆசிரியர்தான்.

நேரில் வாங்கத் தயக்கமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். பிரதி இப்போது மஞ்சக்குட்டையில் இருக்கிறது. அடுத்து கன்னங்குறிச்சி, அதற்கடுத்து நீங்கள். தாள் ஒட்ட ஒரு நாள் பிடிக்கும்.